வள்ளியம்மையின் குதிரில் இருந்த துணி

குருவிநத்தத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் வள்ளியம்மை அக்கா ரவிக்கை தைத்தாள். கையால் சுற்றும் மெஷின் ஒன்று வைத்திருந்தாள். நான் பாகூரில் பள்ளிக்கூடம் முடித்து, வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த வருஷம் இது. நடந்ததில் பெரும்பகுதியை என் கண்ணால் பார்த்தேன். ஊரில் வேறு விதமாகச் சொல்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

யுத்தத்தில் துணி கிடைக்காமல் போனபோது ஒரு சாண் துணியும் பெரிதாகிவிட்டது. ரவிக்கைக்கு வெட்டியதுபோக மிஞ்சியதை யாரும் வீணாக்கவில்லை. ஒட்டுப்போடவும் உள்துணி வைக்கவும் மறுபடி வேண்டியிருக்கும். "உங்கிட்டயே இருக்கட்டும்க்கா" என்று விட்டுவிட்டுப் போவார்கள். அவள் வீட்டில் நெல் இல்லாமல் சும்மா கிடந்த மண் குதிரில் அதையெல்லாம் வைத்தாள். பூச்சி வராமல் இருக்க அடியில் காய்ந்த நொச்சி இலை. அதன்மேல் வீட்டுக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன மூட்டைகள். அவளுக்கு எழுதத் தெரியாது. மூட்டையைக் கட்டும் நூல்தான் அடையாளம். மணவாளன் வீட்டுக்குப் பச்சை நூலில் இரண்டு முடிச்சு, இருசப்பன் வீட்டுக்குச் சிவப்பில் ஒன்று, எங்களுக்குக் கறுப்பில் மூன்று. யார் வந்து கேட்டாலும் தேடாமல் எடுத்துக் கொடுப்பாள். ஒரு வீட்டுத் துணி இன்னொரு வீட்டு உடம்பில் ஏறியதே இல்லை.

கோடி மட்டும் குதிருக்குள் போகாது. சாவு வீட்டில் செத்தவர்மேல் போர்த்த உறவுக்காரர்கள் கொண்டுவரும் புதுத்துணிதான் கோடி. முன்பெல்லாம் அதை யாரும் வீட்டுக்குள் திருப்பிக் கொண்டுவர மாட்டார்கள். துணிப் பஞ்சத்தில் ஓசைப்படாமல் கொண்டுவந்தார்கள். சிங்காரவேலு இறந்தபோது வந்த வேட்டிகளில் அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வள்ளியம்மை சட்டை தைத்தாள். மிஞ்சிய வெள்ளைத் துண்டுகளை ஒரு பானையில் போட்டு, வாயைக் கட்டி, பின்கட்டு உத்தரத்தில் தனியே தொங்கவிட்டாள். இது ஊருக்குத் தெரியும். கல்யாணத் துணியை அவளிடம் பயமில்லாமல் கொடுத்ததும் இதனால்தான்.

மார்கழியில் அவள் புருஷன் ஏகநாதன் ஊருக்குத் திரும்பினார். புதுச்சேரியில் ஒரு மில் கிடங்கில் பன்னிரண்டு வருஷம் துணி அடுக்கியவர். ஆட்குறைப்பில் அனுப்பிவிட்டார்கள். பெண்சாதி சக்கரம் சுற்ற, பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த உட்கார்வு எப்படி இருக்கும் என்று எனக்கும் கொஞ்சம் தெரியும்.

தை மாதம் வள்ளியம்மை தங்கையின் பிரசவத்துக்காக ஏம்பலம் போய் மூன்று நாள் தங்கினாள். திரும்பி வந்தபோது குதிர் காலியாக இருந்தது. சுவரோரம் பலகை போட்டுத் துணியெல்லாம் வரிசையாக அடுக்கியிருந்தது. அவள் போட்ட சத்தத்தில் நான் ஓடினேன்.

"இன்னாங்க பண்ணி வெச்சிருக்கீங்க?"

"பாத்தியா? வூடா குப்பைமேடான்னு இருந்துது. இப்ப வெள்ளை இங்க, சேப்பு இங்க, கட்டம் போட்டது அங்க. பெருசு அடியில, சின்னது மேல. எங்க கிடங்குத் தொர பாத்தா மெச்சிக்குவான்."

"மூட்டைக்கு மூட்டை முடிச்சு இருந்துதே!"

"அந்த நூலா? நல்ல நூலுடி. எல்லாத்தையும் ஒரே கண்டா சுத்தி வெச்சிருக்கேன்."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு ஞாபகத்திலிருந்தே பிரிக்க ஆரம்பித்தாள். வண்ணத் துணியில் பாதி தேறியது. வெள்ளையைப் பிரிக்க முடியவில்லை. பின்கட்டில் பானை வாய் கட்டியபடியே தொங்குவதை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தாள். அது மட்டும் தப்பியது என்று நினைத்தாள்.

நாகம்மாளின் மகள் செல்லக்கண்ணுவின் கல்யாணத்துக்கு நான்கு நாள்தான் இருந்தது. முகூர்த்தத்துக்கு அரக்குப் பட்டு ரவிக்கை. அதற்கு வெள்ளை உள்துணி வைக்க வேண்டும். நாகம்மாள் வீட்டுத் துண்டு மெல்லியது. தடவிப் பார்த்து, இதுதான் என்று தோன்றியதை வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் சிங்காரவேலுவின் மருமகள் பிள்ளைச் சட்டையில் ஒட்டுப்போடத் துண்டு கேட்டு வந்தாள். வள்ளியம்மை பானையை இறக்கி அவிழ்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை.

"இதுல இருந்தது எங்கங்க?"

"அதுவும் வெள்ளதான? வெள்ளையோட வெச்சேன். பானையக் கட்டித் திரும்ப மாட்டிட்டேனே."

"ஐயோ, அது கோடி!"

ஏகநாதனுக்கு முகம் செத்துப்போயிற்று. மருமகள் போகும்வரை காத்திருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கோடின்னு எனக்கு யாரு சொன்னா? உள்துணிய யாரு பிரிச்சுப் பாக்கப்போறாங்க? நீ வாயத் தெறக்காத."

அவள் கேட்கவில்லை. நேரே கல்யாண வீட்டுக்கு வந்தாள். நான் அங்கே பந்தலுக்குக் கீற்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"நாகம்மா, அந்த ரவிக்கையக் குடு. உள்துணியப் பிரிச்சு வேற வெச்சு, வெளக்கு வெக்கறதுக்குள்ள தந்துடறேன்."

"ஏன்? நல்லாத்தான இருக்கு?"

"துணி கலந்துபோச்சு. கோடியா இருக்கலாம்."

"இருக்கலாமா? இருக்கா, இல்லியா?"

"தெரியலடி."

இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் ஒருவேளை அதோடு முடிந்திருக்கும். தெரியவில்லை என்றதுதான் நாகம்மாளுக்குத் தாங்கவில்லை. "தாலி ஏறுற ஒடம்புல பொணத்துத் துணியாடி வெச்ச? எம்மேல இன்னாடி கோவம் ஒனக்கு?" என்று கத்தினாள். புருஷன் செய்த வேலை என்று வள்ளியம்மை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பட்டு ரவிக்கையை ஆற்றில் எறிந்தார்கள். செல்லக்கண்ணு மறுநாள் தன் அத்தையின் ரவிக்கையை ஊசி குத்திச் சுருக்கிப் போட்டுக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள்.

கல்யாணம் முடிந்த மறுநாளே ஊர்ப் பெண்கள் தங்கள் துணியைத் திருப்பிக் கேட்டு வந்தார்கள். எது யாருடையது என்று தெரிந்தால்தானே?

"இந்தக் கட்டம் எங்களுது."

"ஒங்களுதா? ஒம் மாமியா காலத்துலேர்ந்து சாயம்போன சேப்பத் தவிர ஒங்க வூட்டுல இன்னா இருந்துது?"

"நீ வந்து கொடியில எண்ணினியோ?"

கையில் கிடைத்ததை அவரவர் இழுத்தார்கள். ஏகநாதன் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு, "தள்ளாதீங்கம்மா, வரிசை கலையுது" என்றார். அடுக்கியது தான்தான் என்று அவரும் சொல்லவில்லை. வெள்ளை வரிசையை மட்டும் ஒருத்தியும் தொடவில்லை. வள்ளியம்மை மெஷின் பக்கத்தில் நின்றாள். யாரையும் தடுக்கவில்லை.

என் அம்மாவும் போய் நீலப் பூப்போட்ட துண்டு ஒன்று கொண்டுவந்தாள். எங்கள் வீட்டில் அந்தத் துணி வாங்கியதே இல்லை. சொன்னேன். "அப்ப யாருதுன்னு சொல்லு, குடுத்துடறேன்" என்றாள். எனக்குத் தெரியவில்லை. அது தலையணை உறையாகி, இப்போது அதில்தான் படுக்கிறேன்.

அக்கா வேண்டுமென்றே செய்தாள் என்று ஊரில் சொல்கிறார்கள். நாகம்மாள் மேல் பொறாமையாம். நடந்ததை நான் மூன்று பேரிடம் சொல்லிப் பார்த்தேன். "வேல இல்லாதவன் பொம்பள கதைய எடுத்துக்கினு திரியறான்" என்றார்கள். ஏகநாதனை வில்லியனூரில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்த்துக்கொண்டார்கள். நன்றாக அடுக்குகிறார் என்று முதலாளிக்குத் திருப்தியாம்.

ரவிக்கைத் துணி எல்லாம் இப்போது பாகூர்த் தையல்காரனிடம் போகிறது. வள்ளியம்மைக்குக் கோடி மட்டும் வருகிறது. இங்கிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் சாவு வீட்டார் கொல்லை வழியாக வந்து கொடுத்து, கொல்லை வழியாகவே வாங்கிப் போகிறார்கள். வாசலில் யாரும் கூப்பிடுவதில்லை.

பானை ஒன்று இப்போது போதாது. குதிர் முழுவதையும் கோடிக்கு விட்டுவிட்டாள். போன வாரம் எட்டிப் பார்த்தேன். உள்ளே முழுக்க வெள்ளை. ஏகநாதன் சுற்றி வைத்த கண்டிலிருந்து நூலைப் பிரித்து ஒவ்வொரு மூட்டையையும் கட்டிக்கொண்டிருந்தாள். மேலே இருந்ததில் பச்சை நூலில் இரண்டு முடிச்சு இருந்தது. மணவாளன் வீட்டில் போன மாதம் சாவு.