உறங்கி எழுந்த கணினி

கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில், கணவரின் ஊரில் இருந்துகொண்டே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். இயங்குதளத்தின் அடியாழத்தில் இருக்கும் கர்னல் என்ற பகுதியில்தான் என் வேலை. கணினியின் மூளையான ப்ராசசர், தான் செய்வதைத் தானே எண்ணிக்கொண்டிருக்கும். எத்தனை கட்டளைகளை முடித்தது, நினைவகத்துக்காக எவ்வளவு காத்துக் கிடந்தது என்று. அந்த எண்ணிக்கையைப் படித்துச் சொல்லும் நிரலைச் சீரமைக்கும்படி என்னிடம் கொடுத்தார்கள்.

உலகில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று பொதுவில் இருக்கும், பலர் கைபட்டு வளர்ந்த நிரல் அது. ஒவ்வொரு வகை ப்ராசசருக்கும் ஏறக்குறைய அதே வரிகளைத் தனித்தனியாக எழுதி வைத்திருந்தார்கள். நான் அவற்றை ஒன்றாக்கினேன். முந்திரி சீசனில் வீட்டில் எல்லோரும் கொட்டை பொறுக்க முந்திரிக் கொல்லைக்குப் போய்விட, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக நகர்த்தினேன். சோதனைகளில் நிரல் தேறியது. என் மாற்றத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். அன்று கொல்லையிலிருந்து வந்தவர்களுக்கு நானே டீ போட்டுக் கொடுத்தேன்.

சில வாரம் கழித்து, முன்பின் தெரியாத ஒருவர் வெளிநாட்டிலிருந்து மின்னஞ்சல் அனுப்பினார். அவருடைய பழைய கணினி உறக்கத்துக்குப் போய் எழுந்தால், அதன்பிறகு எண்ணிக்கை எல்லாம் பூஜ்ஜியமாகவே நிற்கிறதாம். என் மாற்றத்தை எடுத்துவிட்டால் சரியாகிவிடுகிறதாம்.

அந்த ரகக் கணினி என்னிடமும் இல்லை, கம்பெனியிலும் இல்லை. ஒரு திருத்தம் எழுதி அவருக்கு அனுப்புவேன். மறுநாள்தான் பதில் வரும். பூஜ்ஜியம்தான் என்பார். இன்னொன்று அனுப்புவேன். அதற்கும் பூஜ்ஜியம். ஒரு தடவைகூட அவர் அலுத்துக்கொள்ளவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பள்ளிக்கூடத்து வாத்தியாரான என் கணவர் கேட்டார்: "மிஷினு அங்கிட்டு கெடக்கு. நீ இங்கிட்டு ஒக்காந்துக்கிட்டு எப்புடிப் பாப்ப?"

"அதாங்க எனக்கும் தெரியல."

அந்தச் சனிக்கிழமை என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போனார். பழைய கம்ப்யூட்டர் விற்கும் கடைகளில் ஏறி இறங்கினோம். ஒரு கடையில் அதே ப்ராசசர் இருந்தது போலத் தெரிந்தது. கடைக்காரர் அங்கேயே இயக்கிப் பார்க்க விட்டார். என் நிரல் இருந்த பென்டிரைவைச் செருகி, உறங்க வைத்து எழுப்பினேன். எண்ணிக்கை ஒழுங்காக ஓடியது. அதே குடும்பந்தான், ஆனால் அடுத்த தலைமுறை ப்ராசசர்; அதை வைத்து அந்தத் தப்பைப் பிடிக்க முடியாது. எல்லாம் சரியாக ஓடுவதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. கணவர் கடைக்காரரிடம் ஏதோ பேச்சுக் கொடுத்து வெளியே கூட்டிப்போனார்.

திங்கட்கிழமை குழுத் தலைவர் போனில் கூப்பிட்டார். நல்ல மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார்.

"தப்பு உங்க மேலன்னு யாரும் சொல்லலங்க. ரிலீஸ் நெருங்கிருச்சு. காரணம் தெரியாம வச்சிருக்க முடியாது."

"இன்னும் கொஞ்சம் டைம் கிடைக்குமா சார்?"

"டைம் குடுத்தா கண்டுபிடிச்சுருவீங்களா?"

உறுதியாகச் சொல்ல முடியாது என்றேன். மாற்றத்தைத் திரும்ப எடுப்பதையும் என்னையே எழுதி அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். ஏன் எடுக்கிறோம் என்று விளக்க வேண்டிய இடத்தில், காரணம் கண்டறியப்படவில்லை என்று எழுதினேன். அந்த ஒரு வரியைத் தட்டச்சு செய்யக் காலைப்பொழுது முழுக்கப் போயிற்று.

மறுநாள் அந்த வெளிநாட்டுக்காரர் எழுதியிருந்தார். இப்போது எல்லாம் சரியாக வருகிறது, சிரமம் எடுத்துக்கொண்டதற்கு மிக்க நன்றி என்று. பள்ளிக்கூடம் விட்டு வந்த கணவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "ஏன் அப்புடி ஆச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியலயா?" என்றார்.

"தெரியலங்க."

எனக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள். அந்த நிரலை இப்போதும் சில பிற்பகல்களில் திறந்து பார்க்கிறேன். எந்த வரியிலும் தப்பு தெரிவதில்லை.