முப்பத்திரண்டு ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகள்

இந்தத் தீவின் உப்புக்காற்றில் குடியிருப்பவன் எதை வாங்கினாலும் ஒரே கேள்விதான் கேட்பான்: துருப்பிடிக்குமா? மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்திலும் யாராவது வாய் தவறிக் கேட்டிருப்பார்கள். என் வீட்டில் ஜன்னல் கம்பி, கொடிக்கம்பி, நாதாங்கி எல்லாமே ஸ்டெயின்லெஸ். அரசு அலுவலகத்தில் கோப்பு தள்ளும் எனக்கு உலோகத்தைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். அது போதும் என்று நினைத்தேன்.

ஏலத்தில் ஆசைப்பட்டு எடுத்த பழைய ஜீப் ஒன்று கராச்சர்மாவில் இருக்கும் எங்கள் வீட்டு ஷெட்டை இரண்டு மழைக்காலமாக அடைத்துக்கொண்டு கிடந்தது. என் மனைவியின் ஸ்கூட்டர் வெளியே நனைந்தது. பள்ளியில் பாடம் நடத்துகிறவள், தினமும் சீட்டைத் துடைத்துவிட்டுக் கிளம்புவாள்.

"அடுத்த மழைக்குள்ள இது ஓடணும். இல்லேன்னா பழைய இரும்பு எடுக்கிற கபாடிக்காரனைக் கூப்பிட்டு எடைக்குப் போட்டுடுவேன்" என்றாள். போடக்கூடியவள்தான்.

ஜீப்பின் அடிச்சட்டத்தைப் பிடித்திருந்த ரிவெட்டுகளைத் துரு தின்றிருந்தது. இங்கே ரிவெட் அடிக்க ஆள் கிடையாது. போல்ட் போட்டுவிடலாம் என்றார் பாம்பூஃப்ளாட்டிலிருந்து ஃபெர்ரியில் வந்த மிஸ்திரி. படகு எஞ்சின் பார்ப்பவர். "ஆனா ஜல்தி பண்ணாதீங்க சார். முதல்ல ரிவெட்டை எடுத்து ஓட்டையைப் பார்க்கணும். அப்புறம் சைஸ் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, ஹேவ்லாக் தீவில் ஏதோ ரிசார்ட் படகுக்கு வேலை பார்க்கப் போய்விட்டார்.

ஓட்டையைப் பார்த்த பிறகு சொன்னால் கப்பலில் சாமான் எப்போது வந்து சேர்வது? அன்றே சென்னைக்கு போன் போட்டேன். ரிவெட்டின் தலையை வைத்து நானே சைஸ் கணக்குப் பண்ணி, பளபளவென்று முப்பத்திரண்டு ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகள் வரவழைத்தேன். ரிவெட்டுகளை நானே துளைத்து எடுத்தேன். போல்ட்டுகள் விரலால் தள்ளினாலே உள்ளே போயின. எல்லாம் என் கைராசி என்று பூரித்துப்போனேன்.

மழைக்கு இரண்டு வாரம் முன்பு, பள்ளிக்கு ஜீப்பிலேயே கொண்டுபோய் விடுகிறேன் என்று மனைவியை முன்சீட்டில் ஏற்றினேன். இறக்கத்தில் அடியிலிருந்து டொக் டொக் என்று சத்தம் வந்தது.

"பழைய வண்டின்னா அப்படித்தான்" என்றேன்.

"நீங்க போட்ட போல்ட்டுதானே. கழண்டா போயிடும்?" என்றாள், மடியில் இருந்த விடைத்தாளைத் திருத்திக்கொண்டே.

கிண்டலாகச் சொல்லியிருந்தால் வீம்புக்காவது ஓட்டியிருப்பேன். உண்மையாகவே சொன்னாள். ஓரம் கட்டிக் குனிந்து பார்த்தேன். நான்கு நட்டுகள் நெகிழ்ந்து, போல்ட்டுகள் ஓட்டைக்குள் ஆடிக்கொண்டிருந்தன. அவளைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஜீப்பை நடைவேகத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஞாயிறன்று மிஸ்திரி வந்தார். சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

"ஸ்டெயின்லெஸ் பாத்திரத்துக்கு சரி சார். சேசிஸுக்கு மஜ்பூத் பத்தாது, பாரம் தாங்காது. ரிவெட்டு அடிக்கும்போது வீங்கி ஓட்டையை ரொப்பிக்கும். போல்ட்டு வீங்குமா? ஓட்டையை வட்டமாக்கி, சுத்தியால தட்டினாத்தான் போற மாதிரி, பலமான ஹை டென்சைல் போல்ட்டு போடணும். இதுல யாரையும் ஏத்தலையே?"

டீ கொண்டுவந்த மனைவி கேட்டுக்கொண்டு நின்றாள். டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்று முழுவதும் கபாடிக்காரனைப் பற்றிக்கூடப் பேசவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மறுவாரம் அந்த முப்பத்திரண்டு போல்ட்டுகளையும் கழற்றி, சுவரை ஒட்டித் தூண் நட்டு, அவற்றைக் கொண்டே ஸ்கூட்டருக்கு ஒரு தகரக் கூரை போட்டேன். அதற்கு அவை அளவெடுத்துச் செய்தவை போல இருந்தன. ஜீப், மிஸ்திரி சொன்ன போல்ட்டுகள் வரும் அடுத்த கப்பலை எதிர்பார்த்து ஷெட்டுக்குள்ளேயே கிடந்தது.

முதல் மழையன்று அவள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். கூரைக்கு வெளியிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, நனைந்துகொண்டே தூணைப் பிடித்து இரண்டு முறை ஆட்டிப் பார்த்தாள். அப்புறம்தான் வண்டியை உள்ளே தள்ளினாள்.

ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய், எல்லா நட்டுகளையும் அவள் கண் முன்னாலேயே மறுபடி ஒருமுறை முறுக்கினேன்.