காலுக்கடியில் அடைத்துக் கிடந்த சாக்கடை

பாளையங்கோட்டையில் உபாத்தியாயராக இருக்கும் நான் பட்டதை வேறு யாரும் படக்கூடாது என்றே எழுதுகிறேன்.

எங்கள் முற்றத்துத் தண்ணீர், குளிக்கும் அறையின் தரைக்கல்லுக்கு அடியிலுள்ள சாக்கடை வழியாகத் தெருவுக்குப் போகும். மழைக்காலத்தில் அந்த அறைச் சுவரெல்லாம் ஓதம் ஏறியது. கதவும் உப்பி இறுகியது. கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டதே என்று சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, கதவை இழைக்கத் தச்சரைக் கூப்பிட்டேன்.

"அடியில சாக்கடை அடைச்சிருக்கும், வாத்தியாரய்யா. கல்லைத் தூக்கிப் பாருங்க" என்றார் அவர்.

பண்டிகை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றேன்.

பண்டிகைக்கு முந்தின நாள் காலை குளிக்கையில் தரைக்கல் சரிந்து, என் கால் முழங்கால்வரை சாக்கடைக்குள் இறங்கிச் சிக்கிக்கொண்டது. வெளியே என் மனைவி கீர்த்தனை பாடிக்கொண்டே முற்றத்தைக் கழுவினாள். அவள் ஊற்றிய ஒவ்வொரு குடமும் தெருவுக்குப் போக வழியில்லாமல் என்னிடம் பொங்கி வந்தது. நான் கத்தக் கத்த அவள் குரலும் உயர்ந்தது; நானும் கூடச் சேர்ந்து பாடுகிறேன் என்று நினைத்தாளாம்! அழுக்குத் தண்ணீர் தொடையைத் தொட்ட பிறகுதான் பாட்டு நின்றது. அவள் ஓடிவந்து தள்ளினாள். இழைத்த பிறகும் மறுபடி உப்பியிருந்த கதவு அசையவில்லை.

தச்சர் வந்து உடைத்தார். "நான் இழைச்ச கதவை என்னையே உடைக்க வச்சிட்டியளே" என்று சொல்லிக்கொண்டே கடப்பாரையால் கல்லை நெம்பினார்.

இப்போது சனிக்கிழமைதோறும் முற்றத்தில் மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டுத் தெருவில் சாக்கடை வாயருகே போய் நிற்கிறேன். மஞ்சள் வரத் தாமதமானால், பண்டிகை நாளானாலும் சரி, கடப்பாரையைத்தான் முதலில் எடுக்கிறேன்.