நம்மாளும் என் இரட்டைச் சடையும்

சீயக்காய்த் தூளை வெந்நீரில் கரைக்கும்போது எழும் காரமான வாசனையும், எங்கள் தெருவுக்குப் பின்னாலிருந்த உருக்காலையின் புகைநாற்றமும் ஒன்றாகச் சேர்ந்து மூக்கில் ஏறினால்தான் எனக்கு அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று அர்த்தம். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருக்களில் காலையில் துணி காயப்போட்டால் சாயங்காலத்துக்குள் அதன்மேல் கரிப்பொடி படிந்துவிடும். தலைமுடி மட்டும் தப்புமா என்ன? அதனால் வாரம் தவறாமல் அம்மா என்னைத் துவைக்கிற கல்லின்மேல் உட்காரவைத்து, கண்ணில் சீயக்காய் விழுந்து நான் போடும் கூப்பாட்டைக் காதில் வாங்காமல் தேய்த்து அலசி, வெயிலில் உலர்த்தி, எண்ணெய் வைத்து, இரட்டைச் சடை பின்னிவிடுவாள். ஆறாம் வகுப்புக்கு வந்தபோது அந்தச் சடைகள் இடுப்பைத் தொட்டுவிட்டன. ஓட்டப்பந்தயத்திலும் கணக்கிலும் என் பெயர் பள்ளியில் எங்கும் அடிபடாது. ஆனால் 'சடைக்காரி' என்றால் டீச்சர்களுக்கும் தெரியும். அதில் எனக்கிருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்தச் சடைகளை, கண்காணாத தேசத்தில் கார் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவருக்காக என் தகப்பனார் பெரியபாளையத்து அம்மனுக்கு நேர்ந்துகொண்டார் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். உங்களுக்குப் புரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

ஆந்திர எல்லை கூப்பிடுதூரத்தில் இருப்பதால் எங்கள் பக்கத்தில் அப்பாவை 'நைனா' என்றுதான் கூப்பிடுவோம். நைனா ஒரு கம்பெனியில் பாரம் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். மஞ்சள் நிற வண்டி; நடக்கிறவனைவிடக் கொஞ்சம் வேகமாகப் போகும், அதற்குமேல் அழுத்தினால் சூப்பர்வைசர் கத்துவார். நாளெல்லாம் ஊர்ந்துவிட்டு வருகிற மனிதருக்கு வேகத்தின்மேல் ஆசை வந்ததில் ஆச்சரியமில்லை. கேபிள் டிவியில் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபார்முலா ஒன் பந்தயத்தைப் பார்த்திருக்கிறார். சக்கரமெல்லாம் வெளியே தெரிய, ஒரே ஒரு ஆள் மட்டும் படுத்தவாக்கில் உட்கார்ந்து ஓட்டுகிற அந்த ஒடிசலான கார்களில் ஒன்று மஞ்சளாக இருந்திருக்கிறது. 'நம்ம வண்டி கலரு' என்று அதைப் பார்க்க ஆரம்பித்தவர், நாளாக ஆக அதை ஓட்டுகிறவர்மேல் உயிரையே வைத்துவிட்டார். அந்த வெளிநாட்டுக்காரரின் பெயர் நைனாவின் வாயில் ஒருநாளும் சரியாக நுழைந்ததில்லை என்பதால் எங்கள் வீட்டில் அவர் வெறும் 'நம்மாளு'.

ஒரு வருடம், சீசனின் கடைசிப் பந்தயத்தை நம்மாளு ஜெயித்தால் உலகப் பட்டமே அவருக்குத்தான் என்கிற நிலை. முன்னால்தான் போய்க்கொண்டிருந்தார். முடிய இன்னும் கொஞ்ச தூரமே இருந்தபோது மஞ்சள் வண்டியின் பின்புறத்திலிருந்து புகை கிளம்பியது. நைனா தரையிலிருந்து துள்ளி எழுந்து டிவிக்கு நேராகக் கைகூப்பி, "தாயே, பெரியபாளையத்து பவானி, நம்மாளு என்னிக்காவது பட்டம் ஜெயிச்சான்னா எம் பொண்ணு முடிய முழுசா எறக்கறேன்!" என்று வாய்விட்டுச் சொன்னார். அப்படியும் வண்டி ஓரமாகப் போய் நின்றுவிட்டது.

அம்மா கையில் கரண்டியோடு வந்து நின்றாள். "நேந்துக்கறவன் உன் தலைய நேந்துக்கறதுதான? எம் பொண்ணு தலையா கெடச்சுது உனக்கு?"

"இதுல இன்னா கீது எறக்கறதுக்கு? அம்மன் கோச்சிக்காது?" என்று நைனா தன் மண்டையைத் தடவிக் காட்டினார். கல்யாணத்துக்கு முன்பே வழுக்கை விழுந்த தலை அது. சாமிக்குக் கொடுப்பதென்றால் இருப்பதில் நல்லதைத்தானே கொடுக்க வேண்டும் என்பது அவர் நியாயம். மூன்று கொத்து மட்டும் வெட்டிப் பூமுடியாகக் கொடுத்துவிடலாமே என்று அம்மா கெஞ்சிப் பார்த்தாள். "முழுசான்னு வாய் வுட்டுட்டனே," என்றார் நைனா. சொன்னபிறகுதான் அவருக்கே உறைத்தது போலும். என் பக்கம் திரும்பாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நேர்ந்துகொண்டதை மீறினால் பிள்ளைக்கு ஆகாது என்று அம்மாவுக்கும் பயம். அன்றிலிருந்து என் தலை என்னுடையதாக இல்லை.

பொங்கல் கழிந்ததும் பக்கத்து வீட்டு டேனியல் மாமா ஓடிவந்தார். நைனாவின் கம்பெனியில் லோடிங் பார்த்தவர். இன்டர்நெட் வருகிற போன் எங்கள் தெருவில் அவரிடம்தான் இருந்தது. "அண்ணாத்த, உன் ஆளு மஞ்சவண்டிய வுட்டுட்டு நீலவண்டிக்குத் தாவிட்டான்!" என்று அவர் சொன்னதும் நைனா நம்பவில்லை. போனிலிருந்த படத்தைப் பார்த்தார்: நம்மாளு நீலச்சட்டை போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் ஏதோ விபரீதம் என்று கேள்விப்பட்டவரைப்போல நைனா சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

குழப்பம் அங்கேதான் பிடித்தது. வேண்டுதல் ஆளுக்கா, வண்டிக்கா? 'நம்மாளு' என்றுதானே சொன்னது, ஆளென்றால் ஆள்தான் என்றார் டேனியல் மாமா. சொன்ன நேரத்தில் அவன் மஞ்சள் வண்டியில்தானே உட்கார்ந்திருந்தான், மஞ்சள் அம்மனுக்கு உகந்த நிறமும்கூட, ஆகவே அது வண்டிக்குத்தான் என்றாள் அம்மா. மஞ்சள் வண்டியை ஓட்ட அடுத்து வந்திருப்பவன் மீசைகூட சரியாக முளைக்காத பையன், அவனெங்கே ஜெயிக்கப்போகிறான் என்பது அவள் போட்ட கணக்கு. நைனா எங்கள் தெருக்கோடிக் கங்கையம்மன் கோயில் பூசாரியிடம் போய்க் கேட்டார். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "யாருக்கோசரம் நேந்துகினியோ அந்தாளையும் இட்டாந்து பொங்க வையி, அப்பதான் சரியாவும்," என்றார். "அப்போ நம்மாளுக்கு விசா எடுத்து பெரியபாளையம் பஸ்ல ஏத்தவேண்டியதுதான்," என்று டேனியல் மாமா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரியில் 'டெஸ்டிங்' ஆரம்பித்தது. சீசன் தொடங்குமுன் எல்லா வண்டிகளையும் ஏதோ ஒரு நாட்டில் சில நாள் ஓட்டிப் பார்ப்பார்கள். யார் எவ்வளவு வேகம் என்று பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு மூலையில் பொடி எழுத்தில் வரும். பாடப் புத்தகத்தை அவ்வளவு கவனமாக நான் படித்ததில்லை. முதல் நாள் அந்த மீசை முளைக்காத பையனின் மஞ்சள் வண்டி எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டது. அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. மறுநாள் பார்த்தால் நீல வண்டி முதலில், மஞ்சள் எங்கேயோ பின்னால். சரி, மஞ்சள் தொலைந்தது என்று நான் மூச்சுவிடுவதற்குள் நைனா, "அவன் பெட்ரோல ரொப்பிக்கினு பாரத்தோட ஓட்டறான், உள்ள வேகம் கீது, வெளிய காட்ட மாட்டான்," என்றார். முதலில் வந்தவனைப் பற்றிக் கேட்டால், "அவன் டாங்க்கைக் காலியா வச்சிக்கினு ஃபிலிம் காட்றான்," என்றார் டேனியல் மாமா. அதாவது முதலில் வருகிறவன் நிஜத்தில் பின்தங்கியவன், கடைசியில் வருகிறவன்தான் பயப்படவேண்டியவன். ஆனால் சிலசமயம் முதலில் வருகிறவன் நிஜமாகவே முதல்தான். இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால் ரெண்டு பேரும் ரெண்டு விதமாகச் சொல்லிச் சண்டைபோடுவார்கள். வாசலில், டீக்கடையில், கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் எங்கே பார்த்தாலும் இதே பேச்சு. ஒரு பதினோரு வயதுப் பெண்ணின் தலையில் முடி இருக்குமா இருக்காதா என்பதை இதிலிருந்து அவளே தெரிந்துகொள்ள வேண்டும். என்ன நியாயம் இது?

மஞ்சள் தோற்க வேண்டுமா, நீலம் தோற்க வேண்டுமா என்று தெரியாமல் நான் கடைசியில் எப்போதும் வாலில் வருகிற பச்சை வண்டிக்காக வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன். பள்ளியில் போன வருடம் மொட்டையடித்துக்கொண்டு வந்த ஒருத்தியை என்ன பாடு படுத்தினோம் என்று எனக்குத்தானே தெரியும்!

முதல் பந்தயத்துக்கு முந்தின நாள் நைனா சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்து, யாரும் கேட்காமலே, "யோசிச்சுப் பாத்துட்டேன். நா ஆளத்தான் சொன்னேன். வண்டிய சொல்லல," என்று முடிவைச் சொல்லிவிட்டார். ஆக, நம்மாளு பட்டம் வாங்கினால் நான் மொட்டை. இத்தனை வாரமும் எனக்குள் ஓர் ஆசை இருந்தது. இந்தக் குழப்பத்தைச் சாக்காக வைத்து, 'வேண்டுதலும் வாணாம் ஒண்ணும் வாணாம்' என்று என்னைக் கூப்பிட்டு மடியில் உட்காரவைத்துக்கொள்வார் என்று. அவருக்கு நான் பெரிசா, முகம் பார்த்தறியாத அந்த ஆள் பெரிசா? பயத்தில் கேட்கவில்லை.

மறுநாள் பந்தயத்தில் நம்மாளு பாதியிலேயே முன்னால் போய்விட்டார். "போடு! போடு அண்ணாத்த!" என்று டேனியல் மாமா குதித்தார். வழக்கமாக அவரைவிட அதிகமாகக் குதிக்கிற நைனா மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கைகளைக் கோத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, உதடுமட்டும் அசைய எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நம்மாளு ஜெயிப்பதற்கு அம்மனை எப்படிக் கெஞ்சுகிறார் பார் என்று எனக்கு வயிறு எரிந்தது. எழுந்து பின்பக்கம் போய்ச் சடைகளை மடியில் இழுத்துவைத்துக்கொண்டு அழுதேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே "ஐயோ!" என்று டேனியல் மாமாவின் சத்தம். நீல வண்டிக்கு டயர் போய்விட்டது; நம்மாளு எப்படியோ சமாளித்து இரண்டாவதாக வந்தாராம். நைனா அம்மாவிடம் இன்னொரு கரண்டி கறிக்குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். துக்கத்தில் சிலருக்குப் பசிக்கும் என்று அம்மா சொன்னாள். நான் அவரோடு ஒரு வாரம் பேசவில்லை.

அந்த வருடம் நம்மாளு பட்டம் வாங்கவில்லை. அடுத்த வருடமும் இல்லை. 'என்னிக்காவது' என்று நேர்ந்துகொண்டதால் ஒவ்வொரு பிப்ரவரியிலும் எனக்குப் பழைய வேலைதான். பேப்பரின் மூலையைத் தேடுவேன். முதலில் வந்திருந்தாலும் பயம், கடைசியில் வந்திருந்தாலும் பயம். அவர் இரண்டாவதாக வந்தார், மூன்றாவதாக வந்தார், ஒருமுறை பட்டத்துக்குப் பக்கத்தில்கூட வந்தார். நைனா ஒவ்வொரு தடவையும் அதே மூலையில் அதே முணுமுணுப்போடு உட்கார்ந்திருந்தார். நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் நம்மாளு தலைக்கவசத்தைக் கழற்றிவைத்து ஓய்வுபெற்றார். அன்றோடு நைனா பந்தயம் பார்ப்பதை விட்டுவிட்டார்.

இப்போது நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை செய்துகொண்டு அங்கேயே ஹாஸ்டலில் இருக்கிறேன். தினமும் ஹெல்மெட் போட்டுப் போட்டு முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியதில் வெறுத்துப்போய், போன மாதம் பார்லரில் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டேன். அப்படியே ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போனேன். இதுவும் பிப்ரவரிதான், புது விதிகள், புது வண்டிகள், யார் நிஜமான வேகத்தை மறைக்கிறார்கள் என்று என் போனில் முன்பின் தெரியாதவர்கள் ஆயிரம் பேர் அடித்துக்கொள்கிறார்கள். எங்கள் தெருவில் அதைப் பேச ஆளில்லை. டேனியல் மாமா மகனோடு அத்திப்பட்டுக்குக் குடிபோய்விட்டார். கேபிளில் பந்தயம் வருவதே நின்றுபோயிற்று. அந்த மஞ்சள் வண்டிக் கம்பெனியே கைமாறி, நிறம் மாறி, இன்றைக்கு எது அது என்று கேட்டால் எனக்கு அடையாளம் சொல்லத் தெரியாது.

நைனா என் தலையை மேலும் கீழும் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"இதுக்காடி நம்மாள அத்தினி வருசம் தோக்க வச்சேன்?" என்றார்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "இன்னா சொல்ற நைனா?"

"பின்ன? நேந்தத மாத்த முடியாது. மாத்துனா உனக்கு இன்னாவாவது ஆயிடுமோன்னு பயம். அதான் ரேஸுக்கு ரேஸு, ரெண்டாவதா வரட்டும் தாயே, மொதோ எடம் மட்டும் வாணாம்னு கேட்டுக்கினே இருந்தேன். வேற இன்னா பண்ணுவேன்?"

அம்மா அடுப்படியிலிருந்து வந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அன்றைக்குத்தான் தெரியும். அந்த மூலையும் அசைந்த உதடுகளும் என் கண்முன் வந்தன. நான் பேசாமல் இருந்த வாரமும் வந்தது. நைனா முதலில் கேட்டதை விட்டுவிட்டுப் பிறகு கேட்டதை அம்மன் கொடுத்தாளா, இல்லை, நீல வண்டியின் எஞ்சினே மட்டமானதா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. "முடி வளந்ததும் பெரியபாளையம் போயி எறக்கிட்டு வந்துரலாம் நைனா," என்றேன்.

"எதுக்கு? அவன்தான் ஜெயிக்கவே இல்லியே," என்றார்.

அவர் கண் கலங்கியிருந்தது. என் முடிக்காக இல்லை என்பது மட்டும் எனக்குக் குழப்பமில்லாமல் தெரிந்தது.