அண்ணனின் ஊர்வலமும் தண்ணீர்ச் சாவியும்

குடிநீர் வாரியத்தில் வால்வு திறக்கும் பணியிலிருந்த அந்த அம்மையாருக்குப் பெற்றோர் இட்ட பெயரை ஊரார் மறந்து வெகுகாலம் ஆயிற்று; ‘தண்ணியக்கா’ என்றால்தான் தெரியும். ஆளுயர இரும்புச் சாவியைத் தோளில் சார்த்தித் தெருவுக்குள் நுழைவார். முனையிலுள்ள வால்வுக்குழியின் மூடியை அச்சாவியால் கணீரெனத் தட்டுவார். பின்னரே மூடியை நீக்கித் திறப்பார். அவ்வோசை கேட்டதும் பெண்கள் பாதிப் பேச்சை அந்தரத்தில் விட்டுவிட்டுக் குடமும் வாளியுமாய் ஓடிவருவர்.

அவருக்குத் தாயும் தந்தையுமாய் நின்றவர் தையற்காரரான அண்ணன். ஊர்த்துணி தைத்துத் தங்கையைப் படிக்கவைத்தார். வேலை கிடைத்தபோது சீருடையைத் தம் கையாலேயே தைத்தார். அச்சீருடையை அணியும் காலைதோறும் தங்கையின் உள்ளம் ஒருகணம் கைகூப்பும்.

அந்த அண்ணன் நகரசபைத் தேர்தலில் நின்றார்.

பொறியாளர் ஊழியர்களைக் கூட்டி விதிகளை விளக்கினார். வாக்களிக்கலாம், வாக்குக் கேட்கலாகாது. கட்சிக்கு நிதி தரலாகாது, சின்னம் அணியலாகாது, வாரியத்தின் பொருள் எதையும் தேர்தல் வேலைக்கு எடுக்கலாகாது. மீறினால் வேலை போய்விடும். தண்ணியக்கா அன்று மாலையே தையற்கடைக்குச் சென்று, கண்ணை நிமிர்த்தாமல் சொன்னார்.

“உங்களுக்காக ஒரு வார்த்தை பேச முடியாதுண்ணே.”

அண்ணன் ஊசியில் நூல் கோத்தபடியே சிரித்தார். “நீ பேசாம இருக்கிறதே பெரிய அதிசயம். அதையும் நான் பார்த்துடறேன்.”

அண்ணிக்கு மட்டும் மனத்தாங்கல். எல்லா வாசலும் அறிந்தவள் உடன் நடந்தாலே போதுமே என்று அவர் முணுமுணுக்க, வளர்த்தது வாக்குச் சேர்க்கவா என்று அண்ணன் ஒரே அதட்டலில் அடக்கிவிட்டார்.

ஒருநாள் மாலை, அடுத்த தெருவின் வால்வை மூடிவிட்டுத் தண்ணியக்கா சாவியோடு திரும்பிக்கொண்டிருந்தார். எதிரே, மேளமில்லை, கொடியில்லை; பத்துப்பேர்கூடத் தேறாத ஊர்வலத்தின் முன்னால் அண்ணன் வியர்வை வழியக் கைகூப்பி வந்தார். மூடிய கதவுகளைப் பார்த்துக் கும்பிட்டு வந்த அக்கோலத்தைக் கண்டதும் தங்கையின் நெஞ்சு இளகிற்று. கண் அண்ணன்மேல் இருந்தது. கால் மூடியருகே வந்தது. தண்ணீர் விடும் நேரமல்லாதபோதும் பழகிய கை சாவியால் மூடியைத் தட்டிவிட்டது.

அடுத்த நொடி தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. குடத்தோடு வந்தவர்கள் தண்ணீரைக் காணவில்லை. கைகூப்பி நின்ற வேட்பாளரைக் கண்டார்கள். சிலர் திட்டினார்கள், ஒரு மூதாட்டி காலி வாளியை அவர் காலடியில் வைத்து, நிரப்பிவிட்டு ஓட்டுக் கேள் என்றார். எதிரணி இளைஞன் ஒருவன் அனைத்தையும் கைப்பேசியில் படம் பிடித்தான்.

வாரியச் சாவியால் அண்ணனுக்குக் கூட்டம் சேர்த்தார் என்பது புகார். மறுநாள் பொறியாளர் அறையில் விசாரணை. புகாரளித்த எதிர்வேட்பாளர், மருந்துக்கடைக்காரர், வந்து அமர்ந்திருந்தார். தண்ணியக்கா எதையும் மறைக்கவில்லை.

“கை தானா மூடியைத் தட்டிடுச்சு சார். பழக்கம். ஆனா தப்பு என்னோடதுதான்.”

அப்போது அழையாமலே உள்ளே வந்தார் அண்ணன்.

“கூட்டம் சேர்க்கணும்னா, தண்ணி வராதுன்னு தெரிஞ்சவ தட்டுவாளா சார்? வந்தவங்கள்ல ஒருத்தர்கூட என் பேச்சைக் கேக்க நிக்கல. திட்டிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டாங்க. ஊர் முழுக்க இதைச் சொல்லிச் சிரிக்கட்டும், எனக்கு ஒண்ணுமில்ல. இவ வேலைக்கு மட்டும் கெடுதல் வரக்கூடாது.”

வாக்குக் கேட்டு நிற்பவர் தமக்கு வாக்கில்லை என்று எதிராளியின் முன்னிலையில் தாமே சொல்வது எளிதன்று. பொறியாளர் மருந்துக்கடைக்காரரை நோக்கினார். அவர் சற்று நேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

“உண்மைதான் சார். என் கடை வாசல்லேருந்து நானே பார்த்தேன். வாளியால அடி விழாத குறை. பையன் படத்தைக் காட்டினதும் ஒரு வேகத்துல எழுதிக் கொடுத்துட்டேன்.”

எச்சரிக்கையோடு விட்டார் பொறியாளர். தேர்தல் முடியும்வரை நீரேற்று நிலையத்தில் வேலை. வெளியே வந்த தண்ணியக்கா, அண்ணனின் சட்டையில் ஒட்டியிருந்த நூல்துண்டை எடுத்துவிட்டார். மருந்துக்கடைக்காரரை நோக்கித் தாமாகவே கரங்கள் குவிந்தன.

தேர்தலன்று வாக்களித்துவிட்டு வந்த தங்கையிடம் யாருக்குப் போட்டாய் என்று அண்ணி துருவினார். “அது ஒண்ணாவது எனக்குன்னு இருக்கட்டும் அண்ணி” என்று தண்ணியக்கா நகர்ந்துவிட்டார்.

அண்ணன் தோற்றார், மருந்துக்கடைக்காரர் வென்றார். மறுவாரம் தங்கை பழைய தெருவுக்குத் திரும்பினார். ஓசை எழுந்ததும் வீடுகள் திறந்தன. பெண்களுக்கிடையே வாளியோடு அண்ணனும் வந்தார்.

“இன்னிக்கு நெஜமாவே தண்ணி வருமா? இல்ல, யாராவது தேர்தல்ல நிக்கிறாங்களா?”

தெருவே சிரித்தது. தங்கை சாவியைத் திருகினார். குழாய் இருமிப் பின் பொங்கிற்று.

“வாங்கண்ணே. மொத வாளி உங்களுது.”

“வேணாம்மா. ஒருதரம் நீ புகார்லேருந்து தப்பிச்சது போதும்” என்று சொல்லிவிட்டு, அண்ணன் வரிசையின் கடைசிக்கு நடந்தார். அண்ணன் தைத்த சீருடையின் தோளில் சாவி சாய்ந்திருக்க, தங்கை நின்றிருந்தார். கடைசி வாளி நிரம்பும்வரை வால்வை மூட அவருக்குக் கை வரவில்லை.