பத்து விரலுக்கும் ரேகை

எங்க அக்கா மாரிசெல்வி பஞ்சத்தைப் பற்றி டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவள். நான் ஒன்பதாம் வகுப்போடு வாத்தியார்களுக்கு விடுதலை கொடுத்தவன். இதை எழுத வேண்டியவள் அவள்தான். எழுத மாட்டாள். அதனால் நான்.

நூற்றுமுப்பது வருசத்துக்கு முன்னால் எங்க பக்கம் சனங்க பசியில் செத்ததைப் பற்றிய கடுதாசியெல்லாம் லண்டனில் இருக்காம். பஞ்சம் இங்கன, கடுதாசி அங்கன. அதை மூன்று மாசம் தங்கிப் படிக்க அவளுக்கு உதவித்தொகை கிடைத்தது. விமானம், தங்க அறை, சாப்பாடு எல்லாம் அவங்க பொறுப்பு. 2008 செப்டம்பர் ஒன்றாம் தேதி அங்கே இருக்கணும். இல்லாவிட்டால் இடம் வேற ஆளுக்கு.

ஜூலையில் விசாவுக்குச் சென்னை போனாள். கண்ணாடியில் பத்து விரலையும் வைக்கச் சொன்னார்களாம். ஒன்றிலும் ரேகை விழவில்லை. ஆறு வயசிலிருந்து வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டிய விரல். பசையிலும் காகிதத்திலும் தேய்ந்து கூழாங்கல்லாகி இருந்தது. கைக்கு ஓய்வு கொடுத்து ஆகஸ்ட் இருபதாம் தேதி வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"அம்மாவாவது ரேசன் கடையில கைநாட்டு வைக்குது. நீ அம்புட்டுப் படிச்சும் கைநாட்டுக்கே லாயக்கில்லையேக்கா" என்றேன். வாரியல் பறந்து வந்தது.

அவள் பங்குக் குழாயை நானே உருட்டுவதாகச் சொன்னேன். அம்மா குருவம்மாள் பகலெல்லாம் பட்டாசுக் கம்பெனியில். அக்கா விரல் முழுக்க தேங்காய் எண்ணெய் தடவி, என் பழைய பள்ளிக்கூடக் காலுறையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் அதற்குள் செத்த கரப்பான்பூச்சியைப் போட்டேன். தெருவே கூடிவிட்டது.

தலையாரி வீட்டில் சுட்ட மைப்பெட்டியால் தினமும் காலையில் காலண்டர் தாளின் பின்பக்கம் அவள் விரல்களைப் பதிப்போம். முதலில் வெறும் கறை. பதினைந்தாம் தேதி எட்டு விரல் விழுந்தது, சுழி சுழியாய்.

"ஏலே, என் விரலா இது?" என்று தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் அம்மா கம்பெனிக்குக் கிளம்புமுன், எங்களுக்கு உருட்டுற வேலை கொடுக்கிற ராக்கப்பன் மாமா நான் உருட்டிய மொத்த லோடையும் கொண்டுவந்து வாசலில் கொட்டினார்.

"மதினி, இதுல மருந்து அடைச்சா குழாய் பிதுங்குது. செவ்வாக்கிழமைக்குள்ள புதுசா உருட்டித் தாங்க. இல்லைன்னா இந்த சீசனுக்கு உங்களுக்கு வேலை கிடையாது."

அக்கா ஒரு குழாயைப் பிரித்தாள். "ஏலே, மூணு சுத்து சுத்தணும். ரெண்டுதான் சுத்தினியா?"

"வெரசா முடியும்னு..."

அவள் காலுறையைக் கழற்றினாள்.

"கைய வைக்காதடி, நான் லீவு போடுறேன்" என்றாள் அம்மா.

"சீசன்ல லீவு போட்டா கம்பெனியில உன்னை வச்சிருப்பாகளா? இவன் ஒருத்தன் உருட்டி முடியுமா?"

காலுறையை மடித்துச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் பலகையை இழுத்துப் போட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று மூன்று சுற்றாகச் சுற்றினேன். திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அந்த நாலு நாளும் எனக்கு ஒரு கேலியும் வரவில்லை.

செவ்வாய் சாயங்காலம் லோடு போனது. அவள் சென்னைக்குப் பஸ் ஏறினாள். இரண்டே விரல்தான் விழுந்ததாம், விசா கிடைக்கவில்லை. மாசக் கடைசியில் இடம் வேற ஆளுக்குப் போய்விட்டதாகக் கடிதம் வந்தது. அதற்கும் இங்கிலீசில் நன்றி எழுதிப் போட்டாள்.

தீபாவளி முடிந்தால் எங்க ஊரில் ஒரு மாசம் வேலை இருக்காது. அந்த மாசக் கடைசியில் ஒருநாள் அவளாகவே மைப்பெட்டியை எடுத்தாள். பத்து விரலும் அச்சடித்த மாதிரி விழுந்தது.

"வந்துருச்சுலே" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாளே ராக்கப்பன் மாமா அடுத்த வருச ஆர்டர் என்று காகிதக் கட்டை இறக்கிவிட்டுப் போனார். அக்கா பசையைக் கரைத்தாள்.

"நீ விடுக்கா. நான் உருட்டுறேன். மூணு சுத்து, சத்தியமா."

"எதுக்குலே?" என்றாள், காகிதத்தை நீவிக்கொண்டே. "இனி இந்த விரலை யாருகிட்டக் காட்டப் போறேன்?"