ஏற்றம் வந்து போகும் குளியலறை

என் மாமியார் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார் என்பதைக் கவனிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. காலை முழுக்க ஏரிக்கரையில் வெயிலில் உட்கார்ந்து மீன் விற்றுவிட்டு வருகிறவர், நான் நீட்டும் செம்பில் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு திருப்பித் தருவார். இரண்டாம் முறை நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்தபோது, வீட்டில் தண்ணீர் கொடுப்பதில்லையா என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அந்தக் கேள்வி வழியெல்லாம் உறுத்தியது. வீட்டுக்கு வந்ததும் மாமியாரிடம் கேட்டேன்.

"குடிச்சா போவணும். போனா எழுந்திருக்கணும்," என்றார். "முட்டி இன்னா என் பேச்சயா கேக்குது?"

எங்கள் வீட்டில் குளியலறையும் கழிப்பறையும் ஒன்றுதான். நாலடி நீளம், மூன்றடிக்குச் சற்றுக் குறைந்த அகலம், குந்தி உட்காரும் பீங்கான். பின்சுவர் டச்சுக்காரர் காலத்தது, இரண்டடி கனம். பழவேற்காட்டில் எங்கள் தெருவில் பல வீடுகள் இப்படி ஏதோ ஒரு பழைய சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் நிற்கின்றன. அந்தச் சுவர் மெலிதாக இருந்திருந்தால் எங்களுக்கு இன்னும் ஒன்றரை அடி கிடைத்திருக்கும்.

காலைத் தொங்கவிட்டு உட்காரும் கோப்பை ஒன்று வைத்துவிடலாம் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கடலுக்குப் போகிற அவசரத்தில் அவர், "நீதான் படிச்சவ, நீயே பாத்து எடு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த வாக்கியம் என்னைப் பத்து நாள் ஆட்டி வைத்தது.

அறையை நாலு முறை அளந்தேன், நாலு முறையும் வெவ்வேறு கணக்கு வந்தது. கதவு உள்பக்கமாகத் திறப்பது. அது சுற்றி வர இரண்டடி போனால் மிச்சம் இரண்டடி. இருபத்துநாலு அங்குலத்துக்கு மேல் ஒரு விரல் நீண்டாலும் கதவு மூடாது. செய்தித்தாளைக் கோப்பையின் வடிவில் வெட்டித் தரையில் விரித்துப் பார்த்தேன். மூன்று வயது மகள் அதன்மேல் உட்கார்ந்துகொண்டு எழ மறுத்தாள். தாளை ஓர் அங்குலம் குறைத்து வெட்டி மறுபடி விரித்தேன்.

பொன்னேரிக் கடைக்கு மாமியாரையும் அழைத்துப் போனேன். உயரம் அவருடைய முட்டிக்கு ஒத்துவர வேண்டும். உட்காரச் சொல்ல எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. அவருக்கு இல்லை. பஸ்ஸில் போகிறவர்கள் பார்க்கும்படி வாசலோரம் வரிசையாக வைத்திருந்தவற்றில், சேலையைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொன்றாக உட்கார்ந்து எழுந்தார்.

"இது தாழ்வு. இதுல உக்காந்தா என்னிய வல கட்டித்தான் இழுக்கணும்."

"ஆயா உக்காந்தா சிம்மாசனம் மாதிரி கீது," என்றார் கடைக்காரர்.

"சிம்மாசனத்துல குத்துதுடா."

கடைசியில் ஒன்று அமைந்தது. தண்ணீர்த் தொட்டியைத் தனியாகச் சுவரில் மாட்டிக்கொள்ளும் வகை, அதனால் இருபத்தொரு அங்குலம்தான். மாமியார் அதிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கீழ போற பைப்பா, செவுத்துல போற பைப்பா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"கீழ," என்றேன். தரையில் ஏற்கெனவே ஓட்டை இருக்கிறதே. அத்தனை நாள் யோசித்ததில் நான் யோசிக்காமல் பதில் சொன்னது அந்த ஒன்றுக்குத்தான்.

பெட்டி வந்து இறங்கிய மூன்றாம் நாள் பௌர்ணமி. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் காலை ஒன்பது மணிக்கு முன்னால் எல்லோரும் கழிப்பறைக்குப் போய் வந்துவிட வேண்டும். பிறகு ஏற்றம் வரும், ஏரித் தண்ணீர் உயரும். வற்றிய பிறகுதான் மறுபடி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, சோறு வடிக்கும் நேரம்போல இதுவும் எனக்குப் பழகிவிட்டது. பழகியதால்தான் அதை ஓர் அளவாக நான் நினைக்கவே இல்லை.

அன்று பத்து மணிக்கு மகளின் கால் கழுவ உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டேன். பீங்கானுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. ஒரு விரல், இரண்டு விரல். நிலா கடலை இழுக்கிறது, கடல் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வருகிறது என்று பள்ளியில் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியவள் நான். அந்த ஏரி மணலுக்கு அடியில் நடந்து, எங்கள் கழிப்பறைக் குழியை நிரப்பி, என் காலடியில் நாலு விரல் உயரத்துக்கு வந்து நின்றது. இத்தனை வருடம் ஒவ்வொரு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அது எங்கள் வீட்டுக்குள் வந்து போயிருக்கிறது.

பிறகுதான் உறைத்தது. கீழே போகிற குழாயை வைத்தால் இதே தண்ணீர் புதுக் கோப்பையிலும் ஏறும். அந்த நாட்களில் மாமியார் மறுபடி செம்பைத் தள்ளிவிடுவார். நீளம், அகலம், உயரம் எல்லாம் அளந்தவள் ஏரியை அளக்கவில்லை.

பெட்டியைத் திருப்பி எடுத்துப் போனேன். "சிமெண்ட் படலல்ல? அப்ப பரவால்ல," என்று கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார். இதில் குழாய் தரைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பின்பக்கமாகப் போகும். வெளியே குழியையும் சிமெண்ட் உறை வைத்து உயர்த்திவிட்டால் ஏற்றம் எட்டாது என்று கொத்தனார் சொன்னார். ஆனால் அந்த இரண்டடிச் சுவரைத் துளைக்க வேண்டும்.

இரண்டு நாள் ஆனது. "வூடு வுழுந்தாலும் இந்தச் செவுரு வுழாதும்மா," என்று கொத்தனார் உளியைக் கூராக்கிக்கொண்டே இருந்தார். உள்ளங்கையளவுச் செங்கற்கள், சில மஞ்சள், சில சிவப்பு. நடுவே சுண்ணாம்பில் வேகாத கிளிஞ்சல்கள், நேற்று அள்ளியவைபோல.

"கக்கூஸ்ன்றதே டச்சுக்காரன் வார்த்தைதான் அத்த," என்றேன், எங்கோ படித்த நினைவில்.

"செவுரும் அவன் வெச்சான், பேரும் அவன் வெச்சான். ஒரு நாக்காலி போட்டுட்டுப் போனா கொறஞ்சா பூடுவான்?"

இரண்டாம் நாள் பிற்பகல் கொத்தனார் கூப்பிட்டார். மண்டியிட்டு ஓட்டையில் கண்ணை வைத்தேன். அந்தக் கிளிஞ்சல்களைத் தாண்டி, கடைசியில் ஒரு ரூபாய் நாணயம்போல ஏரி மின்னியது. உப்புக்காற்று கண்ணில் பட்டது. இவ்வளவு பக்கத்திலா இருந்தது! மகள் என்னைத் தள்ளிவிட்டு அதில் வாயை வைத்து அவள் அப்பாவைக் கூப்பிட்டாள். பிறகு அந்த இடத்தில் குழாய் வந்துவிட்டது.

அடுத்த அமாவாசையன்று பத்து மணிக்குப் புதுக் கோப்பைக்கு முன்னால் போய் நின்றேன். ஏரிக்கரையில் படகுகள் உயர்ந்து நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். கோப்பைத் தண்ணீர் அசையவில்லை. நம்பிக்கை வராமல் இன்னும் நின்றேன்.

"உள்ள இன்னா பண்ற, மீன் புடிக்கிறியா?" என்று வெளியிலிருந்து மாமியார்.

"ஏறல அத்த."

அவர் வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அந்த வீட்டில் அவர் வாழ்ந்த காலமெல்லாம் இந்த நேரத்தில் இங்கே தண்ணீர் ஏறியிருக்கிறது.

"செம்புல தண்ணி கொண்டா," என்றார்.

கொடுத்தேன். தலையை அண்ணாந்து, செம்பு உதட்டில் படாமல், தொண்டை ஏறி இறங்க, ஒரே மூச்சில் குடித்து முடித்துக் காலிச் செம்பை என்னிடம் நீட்டினார்.

"இன்னொண்ணு," என்றார்.